மால்டாவுக்கு நல்ல மாசம்

மே மாசம் பத்தாம் தேதிக்கு மேல் முப்பதாம் தேதிக்குள்ளே, அதை விட்டால் வேறே தோது கிடையாது என்று குற்றாலிங்கம் சலூன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தபோது மனசுக்குள்ளே இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சொல்லச் சொல்ல இனித்தது. வேலாயுதம் வெள்ளைத் துணியை ஒரு உதறு உதறிக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, அண்ணாச்சிக்கு இன்னைக்கு முகம் வெளிச்சமா இருக்கே என்று கேட்டார். இவர் சும்மா சிரித்து வைத்தார். பெண்டாட்டி உலகம்மாளிடம் இன்னும் சொல்லாத செய்தியை முடிவெட்டுகிறவரிடமா முதலில் அவிழ்ப்பது? பத்து வருஷத்து வேலை அல்லவா அது. மகள் பாகீரதி கம்ப்யூட்டர் வேலை என்று மால்டாவுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மத்தியதரைக் கடலுக்கு நடுவிலே ஒரு பொட்டுத் தீவு. போன முதல் வருஷமே, அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்கப்பா, எந்த மாசம் வாரீங்க என்று கேட்டாள். எந்த மாசம் என்று ஒருத்தி கேட்டுவிட்டால் அதற்குப் பதில் சொல்வது லேசுப்பட்ட காரியமா? முப்பத்து நாலு வருஷம் அணைக்கட்டு ஆபீசில் காலை எட்டரை மணிக்கு மழைமானியை எடுத்து அளந்து குறித்தவர் அவர். தூறலானாலும் புயலானாலும் எட்டரை என்றால் எட்டரை. பத்து வருஷச் சராசரி கையில் இல்லாமல் மழையைப் பற்றியோ காற்றைப் பற்றியோ ஒருத்தன் வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த ஆபீசில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை மால்டாவுக்கும் போட்டார். வெயில், மழை, காற்று, கடல் தண்ணீரின் சூடு என்று நாலு பத்தி, ஒரு நாள் விடாமல், செல்போனில் பார்த்துப் பார்த்து நோட்டில் குறித்தார். நேற்று மத்தியானம் சாப்பிட்டுக் கை காயுமுன் கடைசிக் கூட்டலைக் கூட்டி முடித்தார். வந்த விடை மே மாசம். இன்றைக்கு முடி வெட்டிக் குளித்துவிட்டு, சாப்பாட்டுக்கு உட்காரும்போது உலகம்மாளிடம் சொல்லிவிட வேண்டியது. அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைக்கவே அவருக்குச் சிரிப்பாக இருந்தது.

வேலாயுதம் தண்ணீரைப் பீய்ச்சினார், உச்சந்தலை சில்லிட்டது. ஜனவரியில் அங்கே இப்படித்தான் இருக்குமாம், கல்லால் கட்டின வீடுகள், குளிர் சுவருக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வராதாம். ஜனவரி அடிபட்டது. பிப்ரவரியில் வடமேற்கிலிருந்து காற்று அள்ளும், கப்பலையே நிறுத்திவிடும், அதுவும் அடிபட்டது. மார்ச்சில் அந்தக் காற்றின் வால். ஏப்ரல் பரவாயில்லை, ஆனால் தெற்கே ஆப்பிரிக்காப் பக்கமிருந்து செம்மண் புழுதி வந்து விழுகிற நாள்கள் இருக்கின்றன, உலகம்மாளுக்குத் தும்மல் உண்டு. ஜூனிலேயே வெயில் ஏறத் தொடங்கிவிடும், ஜூலை, ஆகஸ்ட் முப்பத்திரண்டு டிகிரி, தீவு கொள்ளாத கூட்டம், நமக்கோ ஆடி மாசம். செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பு, ஆனால் இடி, நமக்குப் புரட்டாசி. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரைக்கும் மழை, அப்புறம் மார்கழியில் யார் பிரயாணம் கிளம்புவார்கள். மே மாசத்தை அவர் முதல் நாலு வருஷம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்னி நட்சத்திரத்தில் ஒருத்தன் வீட்டை விட்டு இறங்குவானா என்று அடித்து வைத்திருந்தார். அஞ்சாம் வருஷம்தான் ஒரு நாள் பத்தியைப் பார்த்தபோது பகீரென்றது, அங்கே மே மாசம் இருபத்து மூணு டிகிரி. அக்னி நட்சத்திரம் பாளையங்கோட்டைக்குத்தான், மால்டாவுக்குக் கிடையாது என்கிற விஷயம் அவர் புத்தியில் ஏற நாலு வருஷம் ஆகியிருக்கிறது. இதைச் சொன்னபோது பாகி போனில் அப்படிச் சிரித்தாள். அப்பா, உங்களுக்காக ஒரு அக்னி நட்சத்திரத்தை இங்க அனுப்பி வைக்கவா என்றாள். அது எப்போது, அவள் கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியா? முந்தித்தான். அப்போதெல்லாம் அவள் நன்றாகச் சிரிப்பாள். வேலாயுதம் தலையை ஒரு விரலால் முன்னுக்குத் தள்ளினார், தாடை நெஞ்சில் இடித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாடியில் ட்ராவல்ஸ் வைத்திருக்கிற செல்வின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பக்கத்து நாற்காலியில் சவரத்துக்குக் காத்து உட்கார்ந்தான். நல்ல பிள்ளை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறவன். கண்ணாடியில் இவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, காய்கறி வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

"சார், அம்மாவோட விசா வந்துட்டு. ஞாயித்துக்கெழமைக்கு ஜன்னல் சீட்டே போட்டுட்டேன், வீட்ல சொல்லிருங்க."

குற்றாலிங்கத்துக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை. எந்த அம்மா என்றுதான் தோன்றியது. இந்தப் பையனின் அம்மா எங்கே போகிறாள், அவளுக்கு மூட்டுவலியாச்சே. பிறகு ஞாயித்துக்கெழமை என்பது காதுக்குள்ளே தனியாகப் போய் விழுந்தது. இன்றைக்குப் புதன், பிப்ரவரி முதல் வாரம். கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் கிச்சுக் கிச்சென்று ஓடியது. வியாழன், வெள்ளி, சனி, அப்புறம் ஞாயிறு. அவர் தலை தானாகத் திரும்பப் போயிற்று, வேலாயுதம் இரண்டு கையாலும் பிடித்து நேராக நிறுத்தி, அண்ணாச்சி ஆடாதீங்க, காது போயிரும் என்றார். நேரே பார்த்தால் கண்ணாடியில் ஒரு கிழவன் துணிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையைக்கூட வெளியே எடுக்க முடியாது. என்ன விசா என்று கேட்டுவிடலாம். கேட்டால் என்ன ஆகும், பெண்டாட்டி போகிற ஊர் புருஷனுக்குத் தெரியவில்லை என்று மாடிக்கும் கீழுக்கும் தெரிந்துபோகும், சாயங்காலத்துக்குள் தெற்கு பஜார் முழுக்கப் பேசும். கேட்காமல் இருந்தால்? செல்வின் விடுவதாக இல்லை. திருவனந்தபுரத்துக்குக் கார் சொல்லியாச்சு, சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்துரும், துபாயில மாறணும், சக்கர நாற்காலி வேணுமான்னு கேட்டேன், அம்மா என்னைய என்னன்னு நெனச்சன்னு திட்டுனாங்க என்று சிரித்தான். அது உலகம்மாள்தான். அப்படித் திட்டுகிற ஆள் வேறே யாரும் இல்லை. முப்பத்தாறு வருஷத்தில் தென்காசித் தேருக்குத் தனியாகப் போகாதவள், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்கிறவள், துபாயில் மாறப் போகிறாள். யாரைக் கேட்டு? அவர் நெஞ்சு தடக்குத் தடக்கென்று அடித்துக்கொள்வது துணிக்கு மேலே தெரிகிறதோ என்று குனிந்து பார்க்க நினைத்தார், குனியவும் முடியவில்லை.

இப்போ அங்க கிளைமேட் எப்படி சார் இருக்கும், அம்மாட்ட கேட்டேன், அதெல்லாம் சார்ட்ட கேட்டுக்கோன்னுட்டாங்க என்று செல்வின் கேட்டான். அப்போது நடந்ததுதான் அநியாயம். அவருடைய வாய், அவரைக் கேளாமல், பகல்ல பதினாறு டிகிரி, காலம்பற ஒம்பது, வடமேற்குக் காத்து, மாசத்துல ஏழெட்டு நாள் மழை என்று ஒப்பித்தது. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அணைக்கட்டு ஆபீசில் என்ஜினீயர் போன் பண்ணிக் கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படி. உள்ளே ஒருத்தன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான், வாய் மட்டும் தன் பாட்டுக்கு டிகிரி சொல்கிறது. அட பாவி மனுஷா என்று அவருக்கே தன்மேல் அருவருப்பாக வந்தது. செல்வின், அப்ப ஸ்வெட்டர் எடுத்துக்கிடச் சொல்லணும் என்று முனகிக்கொண்டு, எப்படியும் பிரசவம் மார்ச்சு மாசந்தானே சார், அதுக்குள்ள குளிர் விட்டுரும் என்றான்.

பிரசவம். கத்தரிக்கோல் நிற்கவில்லை. சீப்பு பின்மண்டையில் வரட் வரட்டென்று ஏறி இறங்கியது, மயிர் கொத்துக் கொத்தாகத் துணியில் விழுந்து வழுக்கியது, விழுகிறது முழுக்க வெள்ளை. பிரசவம் என்றால் யாருக்குப் பிரசவம், பாகிக்குத்தானே, வேறே யார் இருக்கிறார்கள் மால்டாவில். மார்ச்சில் பிரசவம் என்றால் இப்போது எட்டாம் மாசம். எட்டு மாசம் ஒரு பிள்ளை வயிற்றில் வளர்ந்திருக்கிறது, மாடியில் டிக்கெட் போடுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது, பெற்ற தகப்பனுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியாமல் போகும், வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுகிறாரே. அவள் வந்து நிற்பாள், முகம் மட்டும் தெரியும், என்னம்மா அங்க மழை உண்டா என்று கேட்பார், அவள் ஒன்றும் பேசாமல் போனைத் திருப்பி ஜன்னலைக் காட்டுவாள். மேகம், எதிர்வீட்டு மஞ்சள் கல், தூரத்தில் ஒரு துண்டுக் கடல். மேற்கே இருட்டியிருக்கு, நாளைக்குப் பெய்யும் பாரு என்று சொல்லிவிட்டு நோட்டை எடுக்கப் போய்விடுவார். போன் அப்புறம் உலகம்மாள் கைக்குப் போகும். அவள் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். எட்டு மாசமாக அவர் வானத்தைப் பார்த்திருக்கிறார், பிள்ளையைப் பார்க்கவில்லை. பவுடர் வாசனையும் ஈரத் துணி வாசனையும் மூக்கில் ஏறி நின்றது. மறைத்துவிட்டார்கள், தாயும் மகளும் கூடிப் பேசி மறைத்துவிட்டார்கள். நான் என்ன எதிராளியா? கோபம் வந்தது, வந்ததை அவர் ஆசையோடு பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் ஒரு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லட்டும் பார்ப்போம். ஆனால் அந்தக் கோபம் ஒரு நிமிஷம்கூடக் கையில் நிற்கவில்லை, ஏனென்றால் முதல் பிரசவம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

முதல் பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும். அது ஊர் அறிந்த முறை. ஏழாம் மாசம் வளையல் போட்டு மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும், அவளால் வர முடியாது என்றால் தாய் அங்கே போக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முந்தி உலகம்மாள் அதைத்தான் சொன்னாள். அக்டோபரில் நாள் குறித்திருந்தார்கள். அக்டோபரா, அங்கே மழை பிடிக்கிறதே அந்த மாசம்தான், உனக்கு ஈரம் ஆகாது, பிள்ளை பிறந்து கழுத்து நிற்கட்டும், ஏப்ரல் வாக்கில் நிதானமாகப் போவோம் என்று அவர் சொன்னார். நல்லதுக்குத்தானே சொன்னார். உலகம்மாள் லேகியம் கிண்டி டப்பாவில் அடைத்தாள், அவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்துத் துவைத்துப் பிள்ளைக்கு விரிக்கப் பஞ்சு மாதிரி ஆக்கி மடித்து வைத்தாள். யாராவது அந்தப் பக்கம் போனால் கொடுத்து விடலாம் என்றாள். செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி காலையில் மாப்பிள்ளை ஹரிராம் போன் பண்ணினான். பிள்ளை தங்கவில்லை மாமா என்றான். தங்கவில்லை என்று ஒரே வார்த்தைதான். மணி எட்டு இருபது இருக்கும். உலகம்மாள் போனை வாங்கி மகளே மகளே என்று ரெண்டு தரம் கூப்பிட்டாள், அப்புறம் அழக்கூட இல்லை, போய் அந்தத் துணி மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக உதறி மறுபடி மடித்துக்கொண்டே இருந்தாள். அவர் என்ன செய்தார்? அவரும் துடித்துத்தான் போனார், சத்தியமாக. உட்கார முடியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். ஆனால் அன்றைக்கும் எட்டரைக்கு நோட்டில் குறித்தார். என்ன செய்ய என்று தெரியாதவன் தெரிந்ததைச் செய்வான் அல்லவா. அதற்குப் பிறகு உடனே போவோம் என்று உலகம்மாள் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. பாகிக்கு மனசு ஆறட்டும், நல்ல மாசமாகப் பார்த்துப் போவோம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் மறுத்துப் பேசாததால் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தார்.

தலையைக் கொஞ்சம் சாய்ங்க அண்ணாச்சி. சாய்த்தார். செல்வினுக்கு இன்னொரு ஆள் நுரை போடத் தொடங்கியிருந்தார். நானும் ஞாயிற்றுக்கிழமை போனால் என்ன? அந்த எண்ணம் பளிச்சென்று வந்தது, வந்ததும் உடம்பெல்லாம் சூடாயிற்று. இன்னொரு டிக்கெட், பக்கத்து சீட்டு, அவ்வளவுதானே. பாஸ்போர்ட் இருக்கிறது. பாகி போன மறு வருஷமே போலீஸ் விசாரணை எல்லாம் முடித்து எடுத்து, பீரோவில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறார். அவர் குரலை எவ்வளவோ சாதாரணமாக வைத்துக்கொண்டு, நம்ம டிக்கெட்டும் சேர்த்துப் போட்டிருக்கலாம் என்னா என்று கேட்டார். செல்வின் நுரைக்குள்ளிருந்து, உங்க பாஸ்போர்ட்டு போன ஆவணியோட முடிஞ்சிட்டுல்லா சார், அம்மா தன்னோடத மட்டும் புதுப்பிக்கக் கொண்டாந்தப்பமே கேட்டேன், அவரு இப்ப வரலன்னாங்க என்றான். பத்து வருஷம் முடிந்துவிட்டது. ஒரு முத்திரைகூட விழாமல், ஒரு பக்கம்கூட அழுக்காகாமல், பீரோவுக்குள்ளேயே ஆயுள் தீர்ந்து போயிற்று. அவர் மால்டாவின் பத்து வருஷத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது அது இங்கே தன் பத்து வருஷத்தை எண்ணியிருக்கிறது. அவரு இப்ப வரல. அப்படிச் சொன்னாளா? எந்த முகத்தோடு சொன்னாள், சிரித்துக்கொண்டா? திரும்பி வர டிக்கெட் எப்போ என்று கேட்கப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டார். தொண்ணூறு நாள் சார், அதுக்கு மேல விசா கிடையாது என்றான். இருக்கிற மட்டும் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் குறைத்துக் கேட்கவில்லை. தொண்ணூறு நாள் காலை எழுந்து யார் முகத்தில் விழிப்பது, காபிப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. தொண்ணூறு நாள் கழித்து அவள் வராவிட்டால்? சட்டப்படி வந்துதான் ஆக வேண்டும். சட்டத்தை நம்பிப் பெண்டாட்டியை எதிர்பார்க்கிற நிலைமைக்கு வந்தாச்சே என்று நினைத்துக்கொண்டார்.

விசாவுக்குச் சென்னை போயிருப்பாளே. போனாள். தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றாள், முதல் தடவையாகத் தனியாகப் போகிறாளே என்று அவர்தான் ரயிலேற்றி விட்டார். வங்கக் கடலில் தாழ்வு நிலை இருக்கு, குடையை எடுத்துக்கோ என்று குடையைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் அவள் எதையோ கேட்கப் போகிற மாதிரி இவர் முகத்தையே பார்த்தாள். என்ன என்றுகூட இவர் கேட்கவில்லை, மழை பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, ரெண்டு நாள்ல விட்டுரும் என்றார். ஆனால் இதற்கெல்லாம் முந்தி எங்கேயோ ஒன்று இருக்கிறது, கையில் தட்டுப்படுகிறது, பிடிபட மாட்டேன் என்கிறது. பிப்ரவரியில் காற்று ஜாஸ்தி. இதை அவர் சமீபத்தில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். பிப்ரவரியா, காத்து ஜாஸ்தில்லா என்று, தலை நிமிராமல். எதற்குச் சொன்னார்? பதில் இருக்கிறது, கேள்வியைக் காணவில்லை. எண்ணெய் வாசனை இருந்தது. வாசலில் விளக்குகள், அணைந்து அணைந்து போயின, அவள் ஏற்றிக்கொண்டே இருந்தாள். திருக்கார்த்திகை அன்றைக்கா? அன்றைக்கு அவர் நடைப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்தாவது வருஷத்து அக்டோபரைக் கூட்டிக்கொண்டிருந்தார், மழை எண்பத்தொரு மில்லிமீட்டரா எண்பத்து நாலா என்று ஒரு தகராறு. உலகம்மாள் குனிந்து விளக்கு வைத்தபடியே எதையோ சொன்னாள். வாய் அசைந்தது நன்றாக நினைவிருக்கிறது. என்ன சொன்னாள் என்று அவர் எத்தனை தரம் அந்த வாசலுக்குப் போய் நின்றாலும் அவருடைய சொந்தக் குரல்தான் கேட்டது, பிப்ரவரியா, காத்து ஜாஸ்தில்லா. வேலாயுதம் கழுத்து மயிரை மழிக்க நுரையைத் தடவினார். கத்தி பின்கழுத்தில் சர்ரென்று இறங்கியபோது, அவள் சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் திடீரென்று பட்டது. மறைக்கவில்லை, சொல்லியிருக்கிறாள். இல்லை இல்லை, அப்படி இருக்காது, அப்படி ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு எந்தத் தகப்பனாவது காற்றைப் பற்றிப் பேசுவானா. மறைத்துவிட்டாள் என்பதே இருக்கட்டும் சாமி என்று அவர் உள்ளுக்குள்ளே கெஞ்சினார்.

வேலாயுதம் சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். போதும் என்று தலையாட்டிவிட்டுத் துட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து படியில் நின்றார். பதினோரு மணி வெயில். பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று. வீடு நாலு தெரு தள்ளித்தான், நடந்தால் பத்து நிமிஷம், அந்தப் பத்து நிமிஷத்தைத் தாங்க முடியாது என்று தோன்றியது. போனை எடுத்து அடித்தார். அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது.

"உலகு, செல்வினப் பாத்தேன்," என்றார்.

மிக்சி நின்றது. சரி என்றாள். அவ்வளவுதான். அவள் பயப்படுவாள், தடுமாறுவாள் என்று எதிர்பார்த்திருந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். கார்த்திகை அன்னைக்கு விளக்கு வைக்கும்போது. பாகி முழுகாம இருக்கா, அஞ்சு மாசம், மார்ச்சுல நாள் சொல்லியிருக்காங்க, நான் பிப்ரவரில போறேன், நீங்களும் வாங்கன்னு சொன்னேன். பிப்ரவரில காத்து ஜாஸ்தின்னீங்க."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். காதில் விழவில்லை என்று சொல்லலாம், இன்னொரு தரம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்கவும் கேட்டார். உலகம்மாள் கோபப்படவில்லை, அதுதான் அவரை ரொம்பக் கலக்கியது. ஒரு தடவை சொல்லியாச்சு, ரெண்டாவது தடவை சொல்லக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானம் பண்ணினேன், நீங்களாக ஒரு வார்த்தை கேட்டால் எல்லாத்தையும் சொல்லலாம் என்று ரயிலில் ஏறுகிற வரைக்கும் பார்த்தேன் என்றாள். அப்பாவிடம் சொல்லியாச்சு என்று பாகியிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டேன் என்றாள். ஆக, மகள் இத்தனை நாளும் அப்பாவுக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தெரிந்தும் வாராவாரம் மழை உண்டா என்று மட்டும் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, போனைத் திருப்பி ஜன்னலைக் காட்டியிருக்கிறாள்.

அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது, துடைக்காமல் விட்டார். என்ன கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. ஏதாவது கேட்க வேண்டும், இப்போதாவது கேட்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியைப் பற்றி ஊரில் பெண்கள் என்ன விசாரிப்பார்கள் என்று தேடித் தேடி, ஒன்று அகப்பட்டது.

"அவளுக்குக் காலு கீலு வீங்கியிருக்கா?"

உலகம்மாள் மிக்சி ஜாரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"இல்ல. இந்தத் தடவ இல்ல. பிரஷரும் வாராவாரம் பாக்காங்க, வீங்குனா உடனே வந்துரணும்னு சொல்லியிருக்காங்க," என்றாள். "போன தடவ ஆகஸ்ட்டுல வீங்கியிருந்ததே, முகம் கூட அதச்சிருந்ததே, உங்ககிட்ட வந்து சொன்னேனே. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இதற்குக் கேள்வியும் ஞாபகம் இருந்தது, பதிலும் ஞாபகம் இருந்தது. அங்க முப்பத்திரண்டு டிகிரி ஓடுது, வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், முதல் மழை விழுந்தா வடிஞ்சிரும்னு சொல்லு என்று சொன்னார். தெரிந்தவர் சொல்கிற தோரணையில் சொன்னார்.

"நீங்க சொன்னத அப்படியே அவகிட்ட சொன்னேன். அப்பா சொன்னா சரியா இருக்கும்னு அவளும் மழைக்குப் பாத்துக்கிட்டு இருந்தா," என்றாள் உலகம்மாள்.

அந்த வருஷம் அங்கே முதல் மழை, பிள்ளை போய் எட்டு நாள் கழித்து, செப்டம்பர் இருபத்தேழாம் தேதி விழுந்தது. அவர்தான் நோட்டில் குறித்தார்.